அலீம் பட்டையும் ஒரு பானைத் தயிரும்

கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் பின்புறம் போகிற சந்தில் நின்று அப்துல் அலீம் வீடு எது என்று கேட்டால், "எந்த அலீம்?" என்று திருப்பிக் கேட்பார்கள். பட்டை அலீம் என்று சொல்லிவிட்டால் போதும், கையோடு கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். உண்மையில் அதுகூடத் தேவையில்லை. அவர் பேசுகிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தால் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். பக்கத்தில் நிற்கிறவரிடம் நெருப்புப்பெட்டி கேட்பதென்றாலும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறவரிடம் கேட்பதாகத்தான் தோன்றும். அவர் ரகசியம் என்று எதையும் வைத்துக்கொண்டதில்லை. வைத்துக்கொள்ள அந்தக் குரல் விட்டதில்லை.

பட்டை என்றால் நெற்றியில் போடுகிற பட்டை அல்ல. மோட்டார் வண்டிக்கு அடியில், அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே, வளைந்த எஃகுத் தகடுகளை அடுக்கிக் கட்டியிருக்கும். நீளமானது மேலே, அதைவிடக் குட்டை அதற்குக் கீழே என்று வரிசை. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இந்த அடுக்கு நெளிந்து கொடுத்து, மேலே உட்கார்ந்திருக்கிறவரின் இடுப்பைக் காப்பாற்ற வேண்டும். மதுரையைச் சுற்றி பஸ்கள் ஓடத் தொடங்கிய அந்தக் காலத்தில் ரோடு என்பது பெரும்பாலும் ஒரு நம்பிக்கைதான். வாரம் தவறாமல் பட்டை ஒடியும். ஒடிந்த பட்டைகள் எல்லாம் அலீமிடம் வந்து சேரும்.

வாலிபத்தில் அவர் மாட்டுக்கு லாடம் கட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் மேலூர் பஸ் ஒன்று பாலத்தை விட்டு இறங்கியதும் முன்பட்டை ஒடிந்து அவர் உலைக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டது. டிரைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அலீம் லாட உலையிலேயே ஒரு தகட்டைக் காய்ச்சி, அடித்து, வளைத்து மாட்டிவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று கூட ஒரு தகட்டையும் சேர்த்துக் கட்டினார். பஸ் மேலூர் போய்த் திரும்பியது. அடுத்த வருஷமும் ஓடிக்கொண்டிருந்தது. அன்றோடு லாடத்தை விட்டார். அந்த 'கூட ஒன்று' மட்டும் அவரை விடவில்லை.

"என் பட்டை ஒடிஞ்சா வைகைப் பாலத்துல நான் தலைகீழா நடந்து போறேன்" என்பார். யாராலும் அவரை நடக்கவைக்க முடிந்ததில்லை. எந்த வண்டி வந்தாலும் அவர் வைத்தியம் ஒன்றேதான்: கூட ஒரு பட்டை. பஸ் முதலாளிகளுக்கு அவர் தெய்வம். பயணிகளின் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. வீட்டுக்காரி அஜ்மல் பீவி மட்டும் கேலி செய்வாள். "உங்ககிட்ட கட்டிலைக் குடுத்தாலும் காலுக்குக் கூட ஒண்ணு வச்சுத்தான் தருவீங்க" என்பாள். அவர் சிரித்துவிட்டு அடுத்த பட்டையை உலையில் வைப்பார்.

முப்பத்தாறாம் வருஷத்து மார்கழியில் பேரையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கார் வந்து பட்டறை வாசலில் நின்றது. மடக்கித் திறக்கிற துணிக்கூரை போட்ட பழைய கார். இறங்கியவர் நல்லகாமன். பருத்தியும் மிளகாயும் விளைகிற கரிசல் காட்டுக்குச் சொந்தக்காரர். கிடா மீசை, மெல்லிய குரல். வண்டி ஓட்டி வந்த தவசி முன்பு அவர் வீட்டு வில்வண்டிக்காரர். மாடுகளை விற்றுக் கார் வாங்கியபோது நல்லகாமன் தவசியை மட்டும் விற்காமல் வைத்துக்கொண்டார். தவசியும் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை, பழையதையே காருக்குக் கொண்டுவந்துவிட்டார். காரை நிறுத்தும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே "ஹோ... ஹோ..." என்பார். நின்றதும் முன்பக்கத்தை ஒரு தட்டுத் தட்டிக் கொடுப்பார்.

"அலீம் பாய், முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுது. முன்னாடி விழுந்தா பின்சீட்டு எந்திரிக்குது. என்னன்னு பாருங்க" என்றார் நல்லகாமன்.

அலீம் குனிந்து பார்த்தார். முன்சட்டத்தின் இரண்டு முனைகளும் அவற்றுக்குக் கீழே பட்டைகளும் பளபளவென்று நீல வர்ணத்தில் இருந்தன. நீலத்தின் மேல் மஞ்சள் புள்ளி வேறு.

"அட, கலரெல்லாம் அடிச்சு சோக்கா வச்சிருக்கீங்களே!"

தவசிக்கு முகமெல்லாம் பல். அலீம் அதற்குமேல் ஆராயவில்லை. ஆராய்வதற்கு என்ன இருக்கிறது? வண்டி தூக்கிப் போடுகிறது என்றால் பட்டைக்குப் பலம் போதவில்லை. இரண்டு பக்கமும் பட்டை அடுக்கை அவிழ்க்காமலே அடியில் கூட ஒரு தகட்டைக் கொடுத்து இறுக்கினார்.

"போங்கண்ணே! இனி பத்து மூட்டை நெல்லை ஏத்துனாலும் அசையாது!"

"நெல்லு ஏத்துறதுக்கு இல்ல பாய். எம்மகளை ஏத்தணும்" என்றார் நல்லகாமன். அவர் குரலுக்கு அது அலீம் காதில் விழ வழியில்லை. அலீம் அடுத்த வண்டிக்காரரிடம் பேச ஆரம்பித்திருந்தார்.

அடுத்த வாரம் அதே கார் வந்தது. இந்தத் தடவை நல்லகாமன் இறங்கவில்லை, அவர் சம்சாரம் சீனியம்மாள் இறங்கினாள். காதில் தண்டட்டி ஆட, இடுப்பில் ஒரு மண்பானையோடு வந்து அலீமுக்கு முன்னால் அதை வைத்து மூடியை எடுத்தாள். உள்ளே தண்ணீரும் திப்பியுமாக ஏதோ கிடந்தது. பாதிப் பானை காலி.

"இது என்னான்னு சொல்லுங்க தம்பி."

"மோராக்கா?"

"நேத்து ஊத்துன கெட்டித் தயிரு. காலையில பேரையூர்ல ஏத்தும்போது கத்தி வச்சு அறுக்கலாம். கல்லுப்பட்டி வாரதுக்குள்ள ஒடைஞ்சு போச்சு. திருமங்கலம் வாரதுக்குள்ள பாதி எங்க வீட்டுக்காரரு வேட்டியில. அவரு இறங்க மாட்டேங்குறாரு, பாருங்க."

காருக்குள் நல்லகாமன் வேட்டியைத் துண்டால் மறைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோடு அப்பிடிக்கா. நான் என்ன செய்ய?" என்றார் அலீம்.

"ரோட்டை நானா போட்டேன்? எங்க வில்வண்டியில வந்தாக்கூட இம்புட்டு ஒடையாது. நீங்க கை வச்ச பெறகு முன்ன இருந்ததைவிட மோசம்."

அலீம் குரலை உயர்த்த வாயைத் திறந்தார். அதற்குள் சீனியம்மாள் பானைக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் போய், அழுகிற நிலைக்கு வந்திருந்தாள்.

அவளுக்கு ஒரே மகள், சின்னத்தாய். சமயநல்லூரில் கட்டிக் கொடுத்திருந்தது. போன தடவை ஆறாம் மாதத்தில், அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு, கார் வருகிறவரைக்கும்கூடக் காத்திராமல் கிளம்பி வந்தாள். திருமங்கலம் வரை ரயில், அதற்குமேல் வாடகை மாட்டுவண்டி. கல்லும் குழியுமாக வழி நெடுகக் குலுக்கல். வீடு வந்து சேர்ந்த அன்றே வயிற்றுப்பிள்ளை தங்கவில்லை. வண்டியால்தான் என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் சின்னத்தாய் அப்படித்தான் நினைத்தாள். தானே ஆசைப்பட்டுப் பிள்ளையைக் கொன்றுவிட்டதாக நினைத்தாள். இப்போது மறுபடியும் உண்டாகி, தைக் கடைசியில் வளைகாப்பு. அம்மா வீட்டில்தான் பெற வேண்டும் என்று மனசு கிடந்து துடிக்கிறது, வண்டியைக் கண்டாலோ உடம்பு நடுங்குகிறது. குலுங்காத வண்டி கொண்டுவந்தால் அனுப்புகிறேன், இல்லாவிட்டால் இங்கேயே பிரசவம் என்று மாமியார் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அந்தம்மா சொல்றதும் நாயந்தான தம்பி? தயிரே வந்து சேரலையே. எம்மகளை எப்பிடி ஏத்துவேன்?"

அஜ்மல் பீவி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து சீனியம்மாளைக் கைபிடித்துத் தூக்கி, உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். பிறகு துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நேரே போய்க் காரில் ஏறினாள். நல்லகாமன் பதறி, தயிர் வேட்டியோடு மறுபக்கம் இறங்கினார்.

"அண்ணே, பாலம் வரைக்கும் போயிட்டு வாங்க" என்றாள் தவசியிடம்.

போய்த் திரும்பியபோது ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். புருஷனைப் பார்த்தாள்.

"உங்க பட்டை ஒடியாது. சத்தியமா ஒடியாது. உக்காந்திருக்கவங்கதான் ஒடிஞ்சு போவாங்க."

சந்துக்காரர்கள் இரண்டு பேர் அலீம் குரலைக் காணோமே, என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார்கள். அத்தனை வருஷமாக அவர் இரும்பைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஒடிந்ததா ஒடியவில்லையா என்பதைத் தவிர, மேலே உட்கார்ந்திருப்பது யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. நினைக்க நினைக்க வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. ஒன்று கூடப் போடத்தான் தெரியும். இதற்கு என்ன போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"வண்டியை விட்டுட்டுப் போங்கக்கா. தவசியண்ணனும் இருக்கட்டும்" என்றார். சீனியம்மாளுக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

மறுநாள் காரின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றி, பட்டைக் கட்டுகளைக் கீழே இறக்கினார். தான் சேர்த்த தகடுகளை முதலில் எடுத்து ஓரமாக எறிந்தார். நடுப் போல்ட்டைக் கழற்றினார். எந்தக் கட்டும் நடுப் போல்ட் போனால் சீட்டுக்கட்டாகச் சரிந்துவிடும். இது சரியவில்லை. ஒற்றை இரும்பாக அப்படியே நின்றது. உளியை வைத்து ஓர் அடி அடித்தார். நீல வர்ணம் ஒரு வில்லையாகப் பெயர்ந்து விழுந்தது. அதற்கடியில் சிவப்பு. இன்னொரு அடி, பச்சை. அதற்கும் கீழே மஞ்சள். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் வர்ணம் இறங்கிக் காய்ந்து, வஜ்ஜிரமாகப் பிடித்திருந்தது. சட்டத்தோடு பட்டையைச் சேர்க்கிற ஊஞ்சல் துண்டுகளும் அசையவில்லை. பட்டை நெளிய வேண்டுமென்றால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். இவை எங்கே வழுக்கும்?

"தவசியண்ணே! இது என்ன?"

தவசி பெருமையோடு வந்து நின்றார்.

"பொங்கலுக்கு அடிச்சது பாய். இந்தா முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கே, ரெண்டு முனை. வண்டிக்கு இதான கொம்பு? மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புல வர்ணம் அடிக்காம விட்டா வீட்டுக்கு ஆகுமா? வாங்குன வருசத்துல இருந்து ஒரு பொங்கல் விட்டதில்ல."

"கொம்புக்கு அடிச்சது சரி. பட்டைக்கு?"

"கொம்பு மட்டும் அடிச்சா மொட்டையா இருந்துச்சு. அதான் கீழயும் அடிச்சேன். சந்து பொந்து ஒண்ணு விடல. நல்லா உள்ள இறங்குற மாதிரி ரெண்டு ரெண்டு பூச்சு!"

அலீமுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தவசி முகம் சுருங்கிப்போயிற்று. மாட்டுக்குச் செய்கிற மரியாதையைத்தானே செய்தோம், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நின்றார். அதைப் பார்த்ததும் அலீமின் சிரிப்பு நின்றது. முதல் நாளே இந்த வர்ணத்தைப் பார்த்து, சோக்காக இருக்கிறது என்று சொன்னவர் அவரேதான்.

"உங்க மேல தப்பில்லண்ணே. நீங்க ஆசையில அடிச்சீங்க. நான்தான் பட்டைக்காரன். பாத்துட்டும் பாக்காம விட்டேன்."

பிறகு வேலை நடந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தகடு தகடாகப் பிரித்து, தவசியும் அவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சுரண்டினார்கள். பொங்கல் பொங்கலாக வர்ணம் உதிர்ந்தது. ஒவ்வொரு நிறம் வரும்போதும் அந்த வருஷம் என்ன விளைந்தது, மழை எப்படி என்று தவசி கதை சொன்னார். பச்சை வந்தபோது மட்டும் சுரண்டுவதை நிறுத்தினார். அது சின்னத்தாய் கல்யாணத்துக்கு முந்தின பொங்கல். அந்தப் பிள்ளைதான் பக்கத்தில் நின்று வர்ணச் சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று பிறகு சொன்னார்.

தகடுகளைக் காய்ச்சி, வளைவு ஏற்றி, எண்ணெயில் முக்கி எடுத்து, பதம் இறக்கினார் அலீம். ஊஞ்சல் துண்டுகளைக் கழற்றித் துருவைத் தேய்த்து, விரலால் தள்ளினாலே ஆடுகிற அளவுக்குக் கொண்டுவந்தார். தகடுகளுக்கு நடுவே பூச ஆட்டுக் கொழுப்பையும் விளக்கெண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சினார். அடுக்கிக் கட்டுகிற நேரத்தில் அவர் கை பழக்கதோஷத்தில் ஓரத்தில் கிடந்த கூடுதல் தகட்டுக்குப் போனது. வாசற்படியில் நின்ற அஜ்மல் பீவி பார்த்தாள்.

"ஒடிஞ்சுபோனா என்ன செய்ய புள்ள?" என்றார் அவர், முதல்முறையாகத் தன் பட்டையை நினைத்துப் பயந்துபோய்.

"ஒடியாது. நீங்க அடிச்சதுதான?"

கூடுதல் தகட்டைக் கீழே வைத்தார். பட்டைகளை மாட்டி, சக்கரத்தைப் போட்டு, ஜாக்கியை இறக்கிவிட்டு, தவசி சொன்ன அந்தக் கொம்பின் மேல் ஏறி நின்று ஒரு குதி குதித்தார். கார் பணிந்து, மெல்ல எழுந்தது.

ஒரு சிக்கலை மட்டும் அவர் நினைத்துப் பார்க்கவில்லை. ஆட்டுக் கொழுப்பின் வாசம் கோரிப்பாளையம் பூராவும் போய்விட்டது. வெள்ளோட்டம் பார்க்கக் காரை எடுத்தபோது தர்கா முக்கில் நாலு நாய் சேர்ந்தன, பாலத்தில் அது கூட்டமாகிவிட்டது. தவசி நிறுத்தினால் நாய்கள் பட்டையை நக்கின, ஓட்டினால் துரத்தின. திருவிழாவில் சப்பரம் போகிறபோதுகூட அவ்வளவு கூட்டம் பின்னால் வந்ததில்லை என்று கடைக்காரர்கள் சிரித்தார்கள். அலீம், ஜட்கா குதிரைகளுக்குச் சேணம் தைக்கிறவரிடம் ஓடினார். பட்டைக்கு அளவெடுத்துத் தோலில் ஒரு உறை தைத்து, பூட்ஸ் மாதிரி கயிறு போட்டு இறுக்கிக் கட்டியாயிற்று. நாய்கள் முக்கால்வாசி விலகின. மண்ணும் தூசியும் உள்ளே போகாது என்பது உபரி லாபம்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் அஜ்மல் பீவி தானே உறை ஊற்றியிருந்த ஒரு பானைத் தயிரை மடியில் வைத்துக்கொள்ளாமல், பின்சீட்டில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மடியில் வைத்தால் மடிதான் தாங்கும், பட்டை தாங்குகிறதா என்று தெரியாது என்றாள். அலீம் முன்னால் தவசிக்குப் பக்கத்தில். திருமங்கலம் தாண்டி, கல்லுப்பட்டி தாண்டி, பேரையூர் வரைக்கும் அவர் திரும்பித் திரும்பிப் பானையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நல்லகாமன் வீட்டு வாசலில் பொங்கல் பானை பொங்கிக்கொண்டிருந்தது. சீனியம்மாள் தயிர்ப்பானையை வாங்கி மூடியை எடுத்தாள். மேலே ஆடை ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அகப்பையால் ஓரத்தில் வெட்டினாள். வெட்டின இடம் அப்படியே நின்றது. அவள் அலீமையும் அஜ்மல் பீவியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அஜ்மல் பீவியைக் கட்டிக்கொண்டாள்.

"வளைகாப்பன்னிக்கு நீங்களும் கூட வரணும் தம்பி" என்றாள் அலீமிடம். "வண்டி எதுவும் சொல்லுச்சுன்னா உங்களுக்குத்தான் வெளங்கும்."

அதற்குள் கொல்லைப்பக்கம் போயிருந்த தவசி, கையில் வர்ணச் சட்டியும் பூசுகிற மட்டையுமாகத் திரும்பி வந்தார். அலீம் போட்ட சத்தத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். கொம்புக்கு எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம். தோல் உறையின் வெளிப்பக்கத்தில் புள்ளி வைக்கலாம். உறையின் கயிற்றை அவிழ்க்கக்கூடாது. தவசி அந்த வருஷம் கொம்புக்குச் சிவப்பு அடித்தார். காருக்கு மாலை போட்டுச் சூடம் காட்டினார்கள். அலீமும் அஜ்மல் பீவியும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு, அதே காரில் ஊர் திரும்பினார்கள்.

வளைகாப்பு நாளும் வந்தது. சமயநல்லூரில் சின்னத்தாயின் இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கியிருந்தார்கள். மாமியார்க்காரி லேசுப்பட்டவள் இல்லை. மருமகளை ஏற்றுவதற்கு முன்னால் தானே ஏறி உட்கார்ந்து, ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவரச் சொன்னாள். இறங்கும்போது முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"சரி, கூட்டிட்டுப் போங்க மதினி" என்று சீனியம்மாளிடம் சொல்லிவிட்டு, அலீம் பக்கம் திரும்பினாள். "என்னப்பா, உங்க ஊர்ப் பஸ்ஸுக்கும் இப்பிடிச் செஞ்சு விடக்கூடாதா?"

சின்னத்தாய் காரில் வைத்த காலை எடுத்துவிட்டு, கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வளையல்கள் கலகலவென்று சத்தம் போட்டன. சீனியம்மாள் ஒரு பக்கமும் தலையணை ஒரு பக்கமுமாக அவளை உட்காரவைத்தார்கள். நல்லகாமன் முன்கூட்டியே ஊருக்குப் போயிருந்தார். தவசி, "போவமா ஆத்தா?" என்று கேட்டு, வண்டியை எடுத்தார்.

அலீம் முன்சீட்டில் ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். அன்னிய வீட்டுப் பெண், அதுவும் பிள்ளைத்தாய்ச்சி. திரும்பிப் பார்ப்பது மரியாதை இல்லை. பார்க்க முடியாததால் காதைத்தான் நம்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு குழிக்கும் பின்னால் வளையல் குலுங்குகிற சத்தம் கேட்டது. சின்னக் குழிக்குக் கொஞ்சம், பெரிய குழிக்குக் கொஞ்சம் கூட. அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். பட்டை நெளிகிறதா, திரும்ப எழுகிறதா, எழும்போது உதைக்கிறதா என்று தன் இடுப்பாலேயே கேட்டுக்கொண்டு வந்தார்.

பாலம் தாண்டி, ஊருக்குள் நுழைந்து, தெற்கே வெளியே வந்தார்கள். திருப்பரங்குன்றம் போனது. சீனியம்மாள் மெதுவாக என்னவோ பேசிக்கொண்டு வந்தாள், மகள் ஊம் கொட்டினாள். திருமங்கலம் தாண்டியதும் பேச்சு நின்றது. இனிதான் மோசமான ரோடு. போன தடவை மாட்டுவண்டி போனதும் இதே ரோடுதான். தவசிக்குத் தெரியும், மாட்டை நடத்துகிற நிதானத்தில் காரை நடத்தினார். ஒரு மதகு வந்தது. கார் பணிந்து எழுந்தது. அலீம் காதைத் தீட்டிக்கொண்டார்.

வளையல் சத்தம் இல்லை.

அடுத்த குழிக்கும் இல்லை. அதற்கடுத்த மேட்டுக்கும் இல்லை. ஏன் சத்தமில்லை? கையை இறுக்கிக்கொண்டு வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கிறாளோ? போன தடவையும் இப்படித்தான் பேசாமல் வந்தாளோ? திரும்பிப் பார்க்கவும் முடியாமல், கேட்கவும் வாய் வராமல், அவர் மனசுக்குள் அல்லாவை அழைத்தார். ஒரு தகடு கூடப் போட்டிருக்கலாமோ, ஒன்று குறைத்திருக்கலாமோ என்று புத்தி கண்டபடி ஓடியது. கடைசியில் பொறுக்க முடியாமல், வண்டியை நிறுத்தச் சொல்லத் தவசியின் தோளைத் தொட்டார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் எஞ்சினில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தார். தவசியும் அப்படித்தான் நினைத்துக் காலைத் தளர்த்தினார். எஞ்சின் அடங்கியது, அந்தச் சத்தம் அடங்கவில்லை. இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு, நிம்மதியான, கனத்த குறட்டை.

அலீம் மெல்ல, பின்சீட்டைக் காட்டுகிற கண்ணாடிப் பக்கம் தலையைச் சாய்த்தார். அம்மா தோளில் சாய்ந்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, வளையல் கைகள் இரண்டும் வயிற்றின் மேல் கிடக்க, சின்னத்தாய் தூங்கிக்கொண்டிருந்தாள். சீனியம்மாள் சத்தம் போடாதீர்கள் என்று கண்ணாலேயே அவருக்குச் சொன்னாள். அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைத்தால் தோள் அசையும் என்று துடைக்காமல் இருந்தாள்.

கல்லுப்பட்டி வந்தது, போனது. பேரையூர் வந்தது. வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். குலவை போட வாயைக் குவித்தவர்களை நல்லகாமன் கையை ஆட்டி அடக்கினார். தவசி அன்றைக்கு "ஹோ" சொல்லவில்லை. பிரேக்கை மட்டும் மெல்ல மிதித்தார். எஞ்சின் நின்ற பிறகும் குறட்டை நிற்கவில்லை. யாரும் எழுப்பவில்லை. ஆரத்தித் தட்டு கை மாறிக்கொண்டிருந்தது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அத்தனை பேரும் ஒரு காரைச் சுற்றி வாய்மூடி நின்றார்கள்.

அலீம் இறங்கி, ஓசைப்படாமல் கதவருகே வந்து நின்றார். சீனியம்மாள் அசையாமல், உதடு மட்டும் பிரிய, அவரிடம் சொன்னாள்.

"அந்தப் பிள்ள போனதுல இருந்து இவ இப்பிடித் தூங்கி நான் பாக்கல தம்பி."

அலீம் என்னவோ சொல்ல நினைத்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே குரல்தான், அதை இங்கே எடுக்க முடியாது. அதற்குள் தெருவில் இருந்த நாய்களுக்கு ஆட்டுக் கொழுப்பின் வாசம் எட்டிவிட்டது. ஒன்று வந்தது, பின்னாலேயே இன்னும் இரண்டு வந்தன. பட்டை அலீம் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு, சிவப்புக் கொம்புக்குப் பக்கத்தில் வெயிலில் நின்று, வாயால் 'சூ' என்றுகூடச் சொல்லாமல், அந்தப் பெண் தானாகக் கண் விழிக்கிற வரைக்கும் நாய்களை விரட்டிக்கொண்டிருந்தார்.